பழைய சிலிக்கானை சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு போட்டேன், ரெண்டு தடவையும் உரிஞ்சு வந்துடுச்சு

ஈரச்சுவர்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு வேற வழி இல்லாம எழுதறேன்.

பாத்ரூம்ல ஷவர் பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கு, திறக்கிற கதவு இல்ல, சும்மா நிக்கிற ஒரே கண்ணாடி. அது சுவர் டைல்ஸோட சேர்ற இடத்துலயும் கீழ தரையோட சேர்ற இடத்துலயும் இடுக்கை அடைக்கிற வெள்ளை சிலிக்கான் பசை போட்டிருக்கு. பக்கத்துல அக்ரிலிக் பாத்டப், அதோட விளிம்பு முழுக்க அதேதான். ஜன்னல் கட்டை மட்டும் மார்பிள், அங்கயும் ஒரு ஓரமா இழுத்து விட்டிருக்காங்க. எல்லாமே கறுத்துப்போய் பாக்கவே சகிக்கல, அதனால ஷவர் பக்கத்தை மட்டும் முதல்ல நானே மாத்திடலாம்னு இறங்கினேன்.

முதல் தடவை கட்டர் கத்தியால அறுத்து, கண்ணுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துட்டு, சோப்பு போட்டுக் கழுவிட்டு புதுசு போட்டேன். பாக்க அம்சமாதான் இருந்துச்சு. ரெண்டே மாசம். ஒரு நாள் துடைக்கும்போது ஒரு முனை துணில மாட்டி லேசா தூக்குச்சு, என்னடான்னு பிடிச்சு இழுத்தா ரிப்பன் அவுக்கிற மாதிரி ஒரே இழுப்புல ஒரு முழ நீளத்துக்கு கையோட வந்துடுச்சு. திருப்பிப் பாத்தா அதோட முதுகு வழவழன்னு இருக்கு, டைல்ஸோட மினுமினுப்பை அப்படியே அச்சு எடுத்த மாதிரி. எங்கயும் ஒட்டி இருந்ததுக்கான அடையாளமே இல்ல.

ரெண்டாவது தடவை இன்னும் கவனமா பண்ணனும்னு வினிகர் ஊத்தி ஊறவெச்சேன், அப்புறம் தின்னர் போட்டுத் தேய்ச்சேன், கடைசியா கொதிக்கிற தண்ணி கூட ஊத்திப் பாத்தேன் (சிரிக்காதீங்க). அந்த தடவை போட்டது மூணு வாரம் கூட தாங்கல.

என் கேள்வி இதுதான், பழைய சிலிக்கானை அப்படியே கரைச்சு விடற மாதிரி ஏதாவது லிக்விட் இருக்கா? கண்ணாடில கீறல் விழாம எப்படி எடுக்கிறது? சுத்தமா போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? டப்புலயும் மார்பிள்லயும் இன்னும் கை வைக்கவே இல்ல, பயமா இருக்கு.


கண்ணாடி_ஃபிட்டர்:

தம்பி, உங்க கேள்விலயே பதில் இருக்கு. உரிச்ச பட்டையோட முதுகு வழவழன்னு இருந்துச்சுன்னு சொன்னீங்களே, அதுதான் மொத்த விஷயமும். புது சிலிக்கான் டைல்ஸ்ல ஒட்டவே இல்ல, டைல்ஸ் மேல கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருந்த பழைய சிலிக்கான் படலத்து மேல சும்மா உக்காந்துட்டு இருந்துச்சு. காஞ்ச சிலிக்கான் மேல பெயிண்ட் நிக்காது, டேப் நிக்காது, இன்னொரு சிலிக்கானும் நிக்காது. கெட்டியா இருக்கறதை எடுக்கிறது கால்வாசி வேலைதான், அந்தப் படலத்தை எடுக்கிறதுதான் மீதி முக்கால்வாசி. நிறைய பேர் கால்வாசிலயே நிறுத்திடறாங்க.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தக் கண்ணாடியை எது பிடிச்சுட்டு நிக்குதுன்னு முதல்ல பாருங்க. சுவர்ல யூ சேனல் (கண்ணாடி ஓரம் உள்ள உக்கார்ற யூ வடிவப் பட்டை) இருக்கா, கிளாம்ப் இருக்கா, மேல சுவருக்குப் போற கம்பி இருக்கா? சில இடத்துல வெறும் சிலிக்கானை நம்பியே கண்ணாடியை நிறுத்தி வெச்சிருப்பாங்க. 10 எம்எம் கண்ணாடின்னா ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ, 90 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் இருந்தா மொத்தம் 45 கிலோ. ரெண்டு பக்கமும் அறுத்து முடிச்சிட்டு நிமிர்றப்போ அது உங்க மேல சாஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. சேனலோ கிளாம்ப்போ இல்லன்னா நீங்க தனியா கை வைக்க வேண்டாம், கூட ஒரு ஆள் வேணும், முட்டுக் கொடுத்துட்டுதான் அறுக்கணும்.

சேனல் இருந்தா பயமில்ல. அறுக்கும்போது ரெண்டு வெட்டு போடுங்க, சிலிக்கான் டைல்ஸைத் தொடற கோட்டுல ஒண்ணு, கண்ணாடியைத் தொடற கோட்டுல ஒண்ணு. நடுவுல குத்திக் கிளறாதீங்க, துண்டு துண்டா பிஞ்சு வந்து உயிரை எடுக்கும். ரெண்டு ஓரமும் சரியா அறுபட்டா ஒரு முனையை மூக்கு பிளையர்ல பிடிச்சு, மெதுவா, கீழ படுத்த மாதிரி இழுத்தா பட்டையா வரும். பழசா போனதுன்னா பட்டையா வராது, பிஞ்சு பிஞ்சுதான் வரும், பொறுமையா இருங்க.

ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலா போட்டு கண்ணாடி ஓரத்துல நெண்டாதீங்க. ஷவர் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு, அதாவது சூளைல சூடாக்கி சட்டுன்னு குளிர வெச்சு வலுவாக்கினது, நடுவுல கையால ஓங்கி அடிச்சா கூட தாங்கும், ஓரத்துல இரும்பு முனை ஒண்ணு சுருக்குன்னு பட்டா போதும், மொத்தமும் கல்லு கல்லா கொட்டிடும். நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு தடவை அப்படிப் பண்ணிட்டு நடு பாத்ரூம்ல சிலை மாதிரி நின்னிருக்கேன்.


எல்லாம்_வீட்டுலயே:

வினிகர் வேலை செய்யுமே சகோ, நீங்க சரியா ஊறவைக்கல போல. டிஷ்யூ பேப்பரை வினிகர்ல நனைச்சு ராத்திரி முழுக்க ஒட்டி வைங்க, காலைல சூடா ஹேர் டிரையர் காட்டினா தானா இளகி வந்துடும். சிலிக்கான்லயே வினிகர் இருக்கு, முகர்ந்து பாத்தா தெரியும், அதனாலதான் அது கரையுது.


பாதி_கெமிஸ்ட்:

மேல சொன்ன நண்பர் தப்பா எடுத்துக்க வேண்டாம், ஆனா இது ரொம்பப் பேருக்கு இருக்கற குழப்பம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

வினிகர் வாசனை வர்றது உண்மைதான். அசிட்டாக்சி வகை சிலிக்கான் காத்துல இருக்கற ஈரத்தோட சேர்ந்து இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிய விடும், மூக்குல ஏறுறது அதுதான். அதாவது வினிகர் அது இறுகும்போது வெளிய போற கழிவு. அதையே திருப்பி மேல ஊத்தினா இறுகினது பிரிஞ்சு வராது, சாம்பலைப் போட்டா விறகு திரும்பக் கிடைக்குமா? வினிகர்ல ஊறினா மேல படிஞ்சிருக்கற உப்புக்கறை போகும், அதுதான் பாக்க பளிச்சுன்னு தெரியுது.

அடுத்தது, இறுகின சிலிக்கானை எந்த சாதாரண சால்வென்ட்டும் (கரைப்பான்) கரைக்காது. அசிட்டோன், தின்னர், பெட்ரோல், டர்பன்டைன் எதுவும். சங்கிலி சங்கிலியா இருந்ததெல்லாம் குறுக்கும் நெடுக்கும் கட்டிக்கிட்டு ஒரே வலையா ஆயிடுச்சு, சர்க்கரை மாதிரி தண்ணில பிரிஞ்சு போக அதுக்கு வழி இல்ல. சில சால்வென்ட்டை அது உறிஞ்சி உப்பும், பெட்ரோல், டர்பன்டைன் மாதிரி சரக்குல நல்லாவே உப்பும், உப்பினா கொஞ்சம் தளதளன்னு ஆகி சுரண்ட சுலபமாகும், அவ்ளோதான். ஹேர் டிரையரும் அதே கதை, சிலிக்கான் 100 டிகிரி தாண்டியும் ஒண்ணும் ஆகாம நிக்கிற பொருள், ஹேர் டிரையர்ல உருகவே உருகாது, ஒட்டியிருக்கற பிடி லேசா தளரலாம். ஹீட் கன் மட்டும் கண்ணாடி பக்கம் கொண்டு போயிடாதீங்க, ஒரு இடம் மட்டும் சூடேறினா டெம்பர் பண்ணாத கண்ணாடி விரிசல் விட்டுடும். கொதிக்கிற தண்ணி ஊத்தினதுக்கும் இதேதான், நல்லவேளை உங்களுக்கு ஒண்ணும் ஆகல.

அப்போ கரைக்க எதுவுமே இல்லையான்னா, இருக்கு. சிலிக்கான் ரிமூவர்னே ஜெல்லாவும் பேஸ்ட்டாவும் விக்கிறாங்க. நிறைய ரிமூவர்ல டோடெசில்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம்னு ஒரு வலுவான அமிலம் இருக்கும், அது சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பையே (இங்க சிலிக்கான்னா பசை இல்ல, silicon-ங்கிற தனிமம்) அறுத்து விடும், அதாவது கரைக்கிறது இல்ல, வலையைப் பிச்சுப் போடறது. ஆனா மேலாப்புல இருந்து மெதுமெதுவாதான் வேலை செய்யும். 5 எம்எம் தடிப்பு மேல தடவிட்டு மாயாஜாலம் எதிர்பார்க்காதீங்க. முதல்ல பிளேடால முடிஞ்ச அளவு எடுத்துட்டு, மிச்சம் இருக்கற மெல்லிசான படலத்துக்குத்தான் ரிமூவர். டப்பால எவ்ளோ நேரம் போட்டிருக்கோ அவ்ளோ நேரம் விடுங்க, காஞ்சு போகாம மேல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி வைங்க, அப்புறம் வழிச்சு எடுங்க. எந்தெந்தப் பொருள் மேல போடக்கூடாதுன்னும் டப்பாலயே இருக்கும், அதைப் படிக்காம ஆரம்பிக்காதீங்க.

இன்னொரு விஷயம், ஃபிட்டர் அண்ணன் சொன்ன அந்த ஒட்டுற சமாச்சாரம், கண்ணாடிலயும் டைல்ஸோட கிளேஸ்லயும் (மேல இருக்கற பளபளப்புப் பூச்சு) சிலிக்கான் ஏன் இவ்ளோ பிடிவாதமா ஒட்டுதுன்னா, கண்ணாடியே சிலிக்கான்-ஆக்சிஜன் சரக்குதான். ரெண்டும் ஒரே குடும்பம், அதனால மேல உக்காராம கெமிக்கலாவே கைகோத்துக்குது. பிளாஸ்டிக்ல அந்த அளவுக்குப் பிடி இருக்காது, டப்புல பல நேரம் பட்டை பட்டையா உரிஞ்சு வந்துடும்.


டப்_போச்சு:

பேரைப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும் நான் ஏன் எழுதறேன்னு.

அக்ரிலிக் டப்புல அசிட்டோன் போடாதீங்க. தின்னர் போடாதீங்க. நிறைய நெயில் பாலிஷ் ரிமூவர்லயும் அசிட்டோன்தான் இருக்கும், அதையும் போடாதீங்க. நான் பஞ்சுல கொஞ்சமா தொட்டு விளிம்புல ஒரு தேய்ப்பு தேய்ச்சேன், முதல்ல ஒண்ணுமே ஆகல, அடடா நல்லா போகுதேன்னு இன்னும் ரெண்டு தேய்ப்பு. மூணாவது தேய்ப்புல பஞ்சு இழுக்க ஆரம்பிச்சுச்சு, ஒட்டுற மாதிரி. கையை எடுத்துப் பாத்தா அந்த இடம் மட்டும் பனி மூடின மாதிரி வெள்ளையா, அதுல பஞ்சோட நாரு நாலு பதிஞ்சு உக்காந்திருக்கு. சிலிக்கான் அப்படியேதான் இருந்துச்சு, டப்புதான் கரைஞ்சுது. இன்னைக்கும் குளிக்கப் போனா அந்த நாரு என்னைப் பாத்து சிரிக்கும்.

இரும்பு பிளேடும் டப்புக்கு ஆகாது. பிளாஸ்டிக் பிளேடு ஸ்க்ரேப்பர் கிடைக்குது, இல்லன்னா பழைய ஏடிஎம் கார்டு, அதுவும் இல்லன்னா மர ஐஸ் குச்சியோட முனையை சீவி உளி மாதிரி ஆக்கிக்கோங்க. ஓரத்தை கட்டை விரலால உருட்டி உருட்டித் தள்ளினாலே நிறைய வந்துடும், வலிக்கும், ஆனா வரும். கடைசில மிச்சம் இருந்த படலத்துக்கு நான் ஒயிட் ஸ்பிரிட்டை (பெயிண்ட் இளக்கற ஒரு பெட்ரோலிய சரக்கு, அசிட்டோன் இல்ல) துணில தொட்டு, டப்போட மறைவான ஒரு மூலைல முதல்ல தேய்ச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் விளிம்புல தேய்ச்சேன், ஒண்ணும் ஆகல. ரிமூவரும் அக்ரிலிக்குக்கு ஆகும்னு போட்டிருந்தா மட்டும் எடுங்க.


ஈரச்சுவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல்ல நல்ல செய்தி, கண்ணாடிக்கு சுவர்லயும் தரைலயும் யூ சேனல் இருக்கு, மேல ஒரு கம்பியும் சுவருக்குப் போகுது, ஆட்டிப் பாத்தேன், ஆடல. அண்ணன் அந்த 45 கிலோ கணக்கைச் சொன்னதும்தான் ஓடிப்போய் பாத்தேன், அதுவரைக்கும் அந்த யோசனையே வரல.

இப்ப சந்தேகம், கண்ணாடில பிளேடு போட்டா கீறல் விழாதா? டைல்ஸ்ல? அப்புறம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, கண்ணுக்கே தெரியலன்னா?


கண்ணாடி_ஃபிட்டர்:

பிளேடு நேரடியா கண்ணாடியைக் கீறுறது ரொம்பக் குறைவு தம்பி. கீறுறது பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டிக்கிற மணல் துகள், சிமென்ட் துகள், க்ரௌட் (டைல்ஸ் இடுக்குல நிரப்புற பூச்சு) தூள், பிளேடு முனைல விழுந்த சின்ன பள்ளம். அதனால முதல்ல கண்ணாடியை நல்லாக் கழுவுங்க, ஒரு தூசி இருக்கக் கூடாது. அப்புறம் சோப்புத் தண்ணி ஸ்ப்ரே பண்ணி ஈரமாவே வெச்சுக்கோங்க, காஞ்ச கண்ணாடில பிளேடு வைக்காதீங்க. ரேசர் பிளேடு மாட்டுற ஸ்க்ரேப்பரை நல்லா படுத்த மாதிரி, 30 டிகிரிக்கு மேல தூக்காம, முன்னாடி மட்டும் தள்ளுங்க. தள்ளு, தூக்கு, திரும்ப ஆரம்பத்துல வை, தள்ளு. பின்னாடி இழுக்கவே கூடாது, நிறைய கீறல் அந்தப் பின் இழுப்புல விழுறதுதான், துகள் பிளேடுக்கு அடியில மாட்டிக்கிட்டு கோடு போட்டுட்டே வரும். பிளேடை கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தள்ளும்போது கரகரன்னு கைக்கு உணர்ந்தா அந்த நிமிஷமே மாத்துங்க. டெம்பர்டு கண்ணாடில சில நேரம் சூளைல சுடும்போதே மேல நுண்ணிய துகள் ஒட்டிப்போயிருக்கும், அந்த மாதிரி கண்ணாடில பிளேடு போட்டா முடி முடியா கோடு விழும், அதனால கண்ணுக்குப் படாத கீழ் மூலைல ஒரு சாண் தள்ளிப் பாத்துட்டு தொடருங்க. தண்ணி நிக்காம வழுக்கி ஓடற கோட்டிங் போட்ட கண்ணாடின்னா பிளேடு வேண்டவே வேண்டாம், கோட்டிங்கே போயிடும்.

கிளேஸ் டைல்ஸ்லயும் இதே முறைதான். டைல்ஸ் நடுவுல க்ரௌட் கோடு வர்ற இடத்துல மட்டும் பிளேடு முனை இறங்கி க்ரௌட்டைப் பேத்துடும், அங்க பிளாஸ்டிக் பிளேடு.

படலத்துக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. சோப்பு மிச்சம் இல்லாம நல்லா அலசிட்டு, தண்ணியை பொடியா ஸ்ப்ரே பண்ணுங்க. சுத்தமான கண்ணாடில தண்ணி பரவி ஒரே தாளா படிஞ்சு இறங்கும். சிலிக்கான் இருக்கற இடத்துல மட்டும் தண்ணி சுருங்கி முத்து முத்தா நிக்கும், பழைய பட்டை எங்கெங்க இருந்துச்சோ அந்தக் கோடு அப்படியே வரைபடம் மாதிரி தெரியும். உங்க ரெண்டு தடவை வேலையும் அதுல தெரியும் பாருங்க. சோப்பு மிச்சம் இருந்தா அந்த இடத்துலயும் தண்ணி பரவும், அது பொய் ரிசல்ட், அதனாலதான் அலசச் சொல்றேன்.


பாதி_கெமிஸ்ட்:

அந்த முத்து போற வரைக்கும் என்ன பண்றதுன்னா, ரிமூவர் போட்டு வழிச்சதுக்கு அப்புறமும் கொஞ்சம் இருக்கும். கண்ணாடிக்கும் கிளேஸ் டைல்ஸுக்கும் கால்சைட் பவுடர் உள்ள க்ரீம் கிளீனர் போட்டுத் தேய்க்கலாம், கால்சைட் கடினத்தன்மை (கீறலைத் தாங்குற அளவு, மோஸ் அளவுகோல்ல) 3, கண்ணாடி 5.5 பக்கம், அதனால கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது, மெல்லிசான படலம் மட்டும் உருண்டு உருண்டு வரும். அக்ரிலிக்ல தேய்ச்சா மினுமினுப்பு மங்கிடும், வேண்டாம். மார்பிளும் வேண்டாம், மார்பிளே கால்சைட்தான், பாலிஷ் போயிடும்.

கடைசியா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகற ஒரு ஸ்பிரிட்) போட்டுத் துடைங்க. அதுவும் சிலிக்கானைக் கரைக்காது, ஆனா ரிமூவரோட எண்ணெய்ப் பிசுக்கையும் கைரேகையையும் எடுக்கும். ரெண்டு துணி வேணும். ஒண்ணு நனைச்சுத் துடைக்க, இன்னொண்ணு அது ஆவியாகறதுக்குள்ள ஒத்தி எடுக்க. ஒரே துணில துடைச்சு தானா காய விட்டா அழுக்கு எங்கயும் போகாது, அதே இடத்துல பரவலா உக்காரும். கண்ணாடில அசிட்டோனே கூட போடலாம், ஆனா பாத்ரூம் மாதிரி சின்ன அறைல வேண்டாம்னுதான் சொல்வேன். அது மைனஸ் 20 டிகிரிலயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடற சரக்கு, ஆவி காத்தை விட கனம், தரையோட தங்கும். கேஸ் கீசர் உள்ளயே இருந்தா பக்கத்துல கூட கொண்டு போகாதீங்க. நைட்ரைல் கிளவுஸ் போட்டா பாதுகாப்புன்னு நினைப்பாங்க, அசிட்டோன்ல நைட்ரைல் சீக்கிரமே தளர்ந்துடும்.


கல்லோட_மல்லு:

மார்பிள் பத்தி யாரும் முழுசா சொல்லல, நான் சொல்றேன். மார்பிள்ல வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட், அந்த அமில ரிமூவர், எதுவுமே கூடாது. ஒரு சொட்டு விழுந்து ரெண்டு நிமிஷம் இருந்தா போதும், அந்த வட்டம் மட்டும் மங்கி நிக்கும், அது கறை இல்ல, கல்லையே தின்னுட்டது, துடைச்சாப் போகாது, பாலிஷ் போட்டாத்தான். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், அப்புறம் புது ரேசர் பிளேடை நல்லா படுக்க வெச்சு ஈரத்தோட, அதோட நிறுத்துங்க. எடுத்து முடிச்சதும் ஓரத்துல ஒரு கறுத்த நிழல் மாதிரி கோடு தெரிஞ்சா பயப்படாதீங்க, சில சிலிக்கான்ல இருக்கற எண்ணெய் கல்லுக்குள்ள இறங்கி இருக்கும். அடுத்த தடவை கல்லுக்குன்னே வர்ற, இறுகும்போது அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கான் வாங்குங்க, வினிகர் வாசனை அடிக்கிறது மார்பிளுக்கு ஆகாது.

கறுப்பு பூஞ்சைக்கும் ஒரு வார்த்தை. பட்டையை எடுத்ததுக்கு அப்புறம் இடுக்குல கறுப்பா மிச்சம் இருந்தா, டைல்ஸ் பக்கம் மட்டும், ப்ளீச் கலந்த தண்ணில டிஷ்யூ நனைச்சு கொஞ்ச நேரம் வெச்சு அலசி எடுங்க. பூஞ்சையைக் கொல்லாம மேல புது சிலிக்கான் போட்டா உள்ள இருந்தே திரும்ப எட்டிப் பாக்கும். ஆனா ப்ளீச்சையும் வினிகரையும், இல்ல ப்ளீச்சையும் டாய்லெட் ஆசிட்டையும், சேத்துடாதீங்க, குளோரின் வாயு வரும், கதவு சாத்தின பாத்ரூம்ல அது விளையாட்டு இல்ல. அந்த அமில ரிமூவர் போட்டிருந்தாலும் முழுசா அலசி ஒரு நாள் கழிச்சுதான் ப்ளீச்.


நடுவுல_ஒருத்தன்:

மன்னிக்கணும், திரெட்டைத் திருப்பறேன். சுவர்ல சிலிக்கான் வெச்சு ஒட்டின முகம் பாக்கிற கண்ணாடி ஒண்ணு இருக்கு, ஓரமெல்லாம் உள்ள இருந்து கறுப்பு கறுப்பா புள்ளி பரவுது. பிளேடு உள்ள போகல. எப்படி எடுக்கிறது?


கண்ணாடி_ஃபிட்டர்:

மெல்லிசான ஸ்டீல் கம்பியோ கிடார் கம்பியோ எடுத்து ரெண்டு முனைலயும் மரக்கட்டை கைப்பிடி கட்டுங்க, கண்ணாடிக்குப் பின்னாடி விட்டு ரம்பம் இழுக்கிற மாதிரி ரெண்டு பேர் இழுங்க. முன்பக்கம் முழுக்க அகலமான டேப்பை குறுக்க நெடுக்க ஒட்டிட்டுதான் ஆரம்பிக்கணும், உடைஞ்சாலும் சிதறாது. கெட்டி கிளவுஸும் கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கடைசி பிடி விடும்போது திடீர்னு விழும், கீழ ஒருத்தர் தாங்கணும். கறுப்பு புள்ளிக்கு காரணம் அநேகமா அந்த வினிகர் வாசனை வகைதான், பின்னாடி இருக்கற பூச்சை அரிச்சிருக்கும், இல்லன்னா ஓரத்துல ஈரம் ஏறியிருக்கும். அந்தக் கண்ணாடி இனி திரும்பாது, அடுத்ததுக்கு நியூட்ரல் போடுங்க.


ஈரச்சுவர்:

நாலு நாள் கழிச்சு வந்திருக்கேன். ஷவர் பக்கம் முடிஞ்சுது, டப்பு முக்கால்வாசி முடிஞ்சுது.

நான் ரெண்டாவதா போட்டது எந்தக் கஷ்டமும் குடுக்கல, அதான் தானாவே வந்துடுச்சே. அதுக்கு அடியில பாத்தா டைல்ஸ் பளபளன்னு சுத்தமா இருக்கு, கையால தடவினாலும் ஒண்ணும் தெரியல. சரி, அண்ணன் சொன்னாரேன்னு நல்லா அலசிட்டு தண்ணி ஸ்ப்ரே பண்ணேன். மேல டைல்ஸ்ல தண்ணி தாளா இறங்குது, கீழ 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு, ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி, முத்து முத்தா நிக்குது. சுவர் முழுக்க, மூலை வரைக்கும். இதையா நான் சுத்தம்னு நினைச்சு ரெண்டு தடவை பூசினேன்னு ஆயிடுச்சு.

ரிமூவர் ஜெல் போட்டு ரெண்டு மணி நேரம் விட்டேன், டப்பால சொன்னபடி. பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர்ல வழிச்சா பசை மாதிரி சாம்பல் கலர்ல சுருண்டு சுருண்டு வருது. ஒண்ணுமே இல்லன்னு நினைச்ச இடத்துல இருந்து இவ்ளோவான்னு ஆயிடுச்சு. அலசிட்டு ஸ்ப்ரே பண்ணா முத்து பாதியா குறைஞ்சிருக்கு. ரெண்டாவது ரவுண்டு. அப்புறம் க்ரீம் கிளீனர். மூணாவது தடவை ஸ்ப்ரே பண்ணும்போதுதான் தண்ணி முழுசா தாளா இறங்குச்சு, ஒரே ஒரு இடம் தவிர, சேனலும் டைல்ஸும் சேர்ற மூலைல ஒரு நகம் அகலம், அங்க பல் குத்துற குச்சி முனைல துணி சுத்தித் தேய்ச்சு எடுத்தேன்.

கண்ணாடில ஒரு கோடு விழுந்துடுச்சு. சொன்னபடி தள்ளிட்டேதான் வந்தேன், ஃபோன் அடிச்சுது, திரும்பிப் பாத்துக்கிட்டே கையைப் பின்னால இழுத்துட்டேன். ஒரு விரல் நீளம். வெளிச்சம் பட்டா மட்டும் தெரியுது.

இப்ப புதுசு போடறதுல என்ன கவனிக்கணும்? இதுலயும் கோட்டை விட்டா எனக்கு இனி தெம்பு இல்ல.


கண்ணாடி_ஃபிட்டர்:

ஃபோனைத் தூர வெச்சுட்டு வேலை செய்யுங்க, இனிமே.

முதல்ல காய விடுங்க. ஒரு நாள் முழுக்க அந்த ஷவர்ல யாரும் குளிக்கக் கூடாது. டைல்ஸ் மேல காஞ்ச மாதிரி இருக்கும், சேனலுக்குள்ள தண்ணி நிக்கும், ஃபேன் வெச்சு விடுங்க. டப்புக்கு ஒரு வேலை கூடுதலா இருக்கு, சிலிக்கான் போடறதுக்கு முன்னாடி டப்பை தண்ணியால நிரப்பி வைங்க. தண்ணியோட கனத்துக்கு டப்பு ஒரு நூல் அளவு கீழ இறங்கும், அந்த நிலைல போட்டு, இறுகற வரைக்கும் தண்ணியை வடிக்காதீங்க. காலி டப்புல போட்டா பின்னாடி குளிக்க நிரப்பும்போதெல்லாம் அது இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் பிளந்துக்கும்.

ரெண்டு பக்கமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கோங்க. ட்யூப்ல தேதி பாருங்க, காலாவதி ஆனது இறுகவே இறுகாம பிசுபிசுன்னு நிக்கும், அதை எடுக்கிறது இதைவிடக் கொடுமை. ட்யூப் முனைல இருக்கற நாசிலை இடுக்கு அகலத்துக்குத் தக்க சாய்வா வெட்டி, நிறுத்தாம ஒரே இழுப்பா போங்க, விரலாலயோ ஸ்பேட்டுலாவாலயோ ஒரு தடவை இழுத்து விட்டுட்டு டேப்பை அப்பவே உரிச்சுடுங்க. பத்து நிமிஷத்துல மேல தோல் கட்ட ஆரம்பிச்சுடும், அதுக்கு அப்புறம் டேப்பை எடுத்தா தோலையும் சேத்து இழுத்துட்டு வரும், அப்புறம் விரலை வெச்சு சரி பண்ணப் போய் மொத்தமும் அசிங்கமாகும், எல்லாரும் பண்ற தப்பு. விரலை சோப்புத் தண்ணில நனைச்சு இழுக்கிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தண்ணி இன்னும் சிலிக்கான் படாத இடத்துல இறங்கினா அங்க ஒட்டாது, அதனால முழுசா போட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் நனைச்ச விரல்.

கைல பட்டா தண்ணில கழுவப் போகாதீங்க, காஞ்ச டிஷ்யூல துடைச்சுட்டு அப்புறம் சோப்பு.


பாதி_கெமிஸ்ட்:

எவ்ளோ நேரம் விடணும்னு கேப்பீங்க. மேல தோல் கட்டினது கணக்கில்ல, சிலிக்கான் வெளிய இருந்து உள்ள நோக்கி இறுகும், காத்துல இருக்கற ஈரம் உள்ள போகப் போகத்தான். ஒரு நாளைக்கு சுமார் 2 முதல் 3 எம்எம். உங்க பட்டை 6 எம்எம் தடிப்புன்னா ஒரு நாள்ல முடியாது, ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க.


ஈரச்சுவர்:

போட்டு மூணு நாள் ஆச்சு, டப்புத் தண்ணியையும் இன்னைக்குக் காலைலதான் வடிச்சேன், மூணு நாளா வீட்டுல எல்லாரும் அதை ஒரு குளம் மாதிரி சுத்திச் சுத்தி வந்தாங்க. பாக்க முதல் தடவை போட்ட அளவுக்கு அழகா இல்ல, மூலைல கொஞ்சம் மேடு தட்டியிருக்கு. ஆனா சும்மா இருக்க முடியாம ஒரு முனையை நகத்தால நெண்டிப் பாத்தேன். நகம்தான் மடங்குச்சு. மார்பிள் அடுத்த வாரம்.